வழியும் உணவும் கூலியும்

கல்முனைப் பட்டினத்துப் பஸ் நிலையத்தில் வைகறையிலேயே மக்கள் நடமாட்டம் மிகுந்துவிடும். வடக்கே மட்டக்களப்புக்கும், தெற்கே அக்கரைப்பற்றுக்கும், மலைநாட்டுக்கு அப்பாலுள்ள கொழும்புக்கும் செல்லும் வண்டிகள் அங்கே அணிவகுத்து நிற்கும். முதியவர் ஒருவர் மடியை அவிழ்த்து, நடத்துநருக்குக் கொடுக்கவேண்டிய காசை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்ப்பார். வெளியூரிற் படிக்கச் செல்லும் இளைஞன் கையில் அவன் தாய் வாழையிலையிற் கட்டிய சோற்றுப்பொதியைத் திணிப்பாள். “கவனமாகப் போய்ச் சேர், மகன்” என்று கூறிக் கண் கலங்கி நிற்பாள்.

காசு, உணவு, நல்வாழ்த்து ஆகிய இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆயினும் ஆங்கிலம் பேசுவோர் இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். ‘ஃபேர்’ என்பது அச்சொல். பயணத்துக்குக் கொடுக்கும் பணமும் ஃபேர். பரிமாறப்படும் உணவும் ஃபேர். ஒருவன் நலமாயிருத்தலையோ நலிவுறுதலையோ குறிக்கும் வினையும் ஃபேர். ‘பரீட்சையில் எவ்வாறு செய்தாய்?’ என்று கேட்க விரும்பும் ஆங்கில ஆசிரியர் இச்சொல்லையே ஆள்வார். சொல்லுக்கொரு பொருளென மனனஞ் செய்த மாணவன், பரீட்சைக்கு எவ்வளவு கட்டணம் செலுத்தினாய் என்று ஆசிரியர் வினவியதாக எண்ணி, தொகையைச் சொல்லிவிடுதலும் கூடும். அப்பிழைக்கு மாணவனை நோவதிற் பயனில்லை. ஒரு சொல் இத்தனை பொருள்களைச் சுமக்க நேர்ந்த வரலாற்றை அவனுக்கு எடுத்துரைப்பதே தக்கது. அவ்வரலாறு ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. கல்முனையின் மணல்வழிகளோடும் வாவித்துறைகளோடும் தொடர்புடையது.

ஆங்கிலத்தின் மிகப் பழைய நிலையில் ‘ஃபாரன்’ என்றொரு வினைச்சொல் வழங்கிற்று. அதன் பொருள் செல்லுதல், வழிநடத்தல் என்பதே. இன்றைய ஜெர்மன் மொழியிலுள்ள ‘ஃபாரென்’ அதன் உடன்பிறப்பு. அங்கும் அது பயணம் செய்தலையே குறிக்கும். எனவே பயணம் என்பதே முதற்பொருள். மற்றவையெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

அக்கிளைகள் பிரிந்த முறை எளிதில் விளங்கக்கூடியது. முற்காலத்திற் பயணம் என்பது பல நாள் நிகழ்வு. சில வேளைகளிற் பல மாத நிகழ்வு. வழியிற் கள்வர் உண்டு, நோய் உண்டு, பசி உண்டு. ஆதலின் ஒருவனைக் கண்டு, ‘உன் செல்கை எவ்வாறு இருந்தது?’ என்று கேட்பதும், ‘நீ நலமா?’ என்று கேட்பதும் ஒன்றாயின. செல்லுதலைக் குறித்த சொல் வாழ்வின் நிலையைக் குறிக்கலாயிற்று. பயணியின் நிலையைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது அவனுக்குக் கிடைக்கும் உணவு. எனவே 13ஆம் நூற்றாண்டளவில் அச்சொல் உணவையும் குறித்தது. உணவகங்களில் உண்டிகளின் பெயரெழுதி வைக்கும் பட்டியலுக்கு இச்சொல்லால் அமைந்த தொடரொன்று நெடுங்காலம் வழங்கிற்று. ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டில், தோணியிலோ கப்பலிலோ ஏறிச் செல்வதற்குக் கொடுக்கும் பணமும் அதே பெயர் பெற்றது. பின்னர் வாடகைவண்டியோட்டுவோர், பணம் தரும் மனிதனையே அப்பெயராற் சுட்டலாயினர். ‘இன்று காலை எனக்கு நான்கு ஃபேர் கிடைத்தன’ என்று இலண்டன் வண்டிக்காரன் சொன்னால், நான்கு பேரை ஏற்றிச் சென்றான் என்று கொள்ளவேண்டும். இலங்கையின் முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள் ‘ஹயர்’ என்னும் சொல்லை இவ்வாறே ஆள்வதைப் பலரும் கேட்டிருப்பர்.

தனிச்சொல்லாக நின்றபோது பணத்தையும் உணவையும் மிகுதியாகக் குறித்த இச்சொல், கூட்டுச்சொற்களுக்குள்ளே தன் பழைய பொருளை விடாது காத்துக்கொண்டது. வழிப்போக்கன், கடலோடி, பலரும் ஊடறுத்துச் செல்லும் பெருந்தெரு ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றிலும் அது பொதிந்துள்ளது. ‘ஃபேர்வெல்’ என்பது இன்று பிரியாவிடையைக் குறிக்கும். அதன் நேர்ப்பொருள் ‘நன்றாகச் செல்க’ என்பது. அதனைத் திருப்பிப் போட்டால் ‘வெல்ஃபேர்’ ஆகும். நன்றாகச் செல்லுதல் என்பதே அதன் அடிப்பொருள். மக்கள் நலன் என்பது அதிலிருந்து விளைந்தது. ஆற்றைக் கடத்திவிடும் ஓடத்துக்குரிய ‘ஃபெரி’ என்னும் சொல்லும் இக்குடும்பத்ததே.

மொழிநூலார் இவ்வேரை இன்னும் பின்னோக்கித் தேடிச் செல்வர். வடமொழியிலும் கிரேக்கத்திலும் பகரத்தோடு தொடங்கும் சொற்கள் பல ஆங்கிலத்தில் ஃபகரமாக ஒலிக்கும். வடமொழியின் ‘பிதா’வும் ஆங்கிலத்தின் ‘ஃபாதர்’ என்பதும் இதற்குச் சான்று. அம்முறையிற் பார்க்கும்போது, வழி என்னும் பொருளுடைய ‘போரொஸ்’ என்ற கிரேக்கச் சொல் ஃபேர் என்பதன் தூரத்து உறவாகும். அதிலிருந்தே வழிச்செல்லும் வணிகனின் பெயரும், வணிகர் கூடும் துறைமுகத்தைக் குறிக்கும் ‘எம்போரியோன்’ என்ற பெயரும் தோன்றின. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தொலமி என்னும் புவியியலாளர், காவிரி கடலொடு கலக்கும் இடத்துத் துறையையும், இலங்கைக் கரையின் சில துறைகளையும் இச்சொல்லாலேயே சுட்டினார். ஆங்கிலேயர் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அச்சொல்லின் உறவுச்சொல்லொன்று இக்கரைகளைத் தொட்டுவிட்டது எனலாம்.

ஒலி ஒன்றாயிருப்பதாற் சொற்கள் உறவாகிவிடா என்பதையும் இவ்விடத்து நினைவிற் கொள்ளவேண்டும். ஆங்கிலத்திற் சந்தைக்கும் அழகுக்கும் நேர்மைக்கும் வழங்கும் சொற்கள் ஃபேர் என்றே ஒலிக்கும். எழுத்தில் மட்டும் வேறுபடும். சந்தையின் பெயர் விழாநாளைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அழகின் பெயர் வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பாடசாலைக்குச் செலுத்தும் பணத்தைக் குறிக்கும் ‘ஃபீ’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது பழைய ஆங்கிலத்திற் கால்நடையைக் குறித்தது. ஆடுமாடுகளே செல்வமாயிருந்த காலத்திற் பணத்துக்குப் பெயராயிற்று. திருவள்ளுவர் கல்வி அதிகாரத்திற் செல்வத்தை ‘மாடு’ என்னும் சொல்லாற் குறித்திருப்பதை எண்ணிப் பார்ப்போர், தொலைவிலுள்ள இரு மக்கட் கூட்டத்தார் ஒரே வாழ்க்கையிலிருந்து ஒரே வகைச் சொல்லைப் படைத்துக்கொண்டதைக் கண்டு வியப்பர்.

அவ்வொற்றுமை இன்னும் ஆழமாக வெளிப்படுவது ‘செலவு’ என்னும் தமிழ்ச் சொல்லிலே. கடைக்காரரின் கணக்கேட்டிற் செலவு என்பது கையைவிட்டுப் போன பணம். ஆனால் அச்சொல்லின் பகுதி ‘செல்’ என்பது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் செலவு, வரவு என்னும் சொற்களைப் போதலுக்கும் வருதலுக்கும் உரியனவாகவே எடுத்தாள்கிறது. சங்க அகப்பாடல்களிற் ‘செலவழுங்குதல்’ என்றொரு துறை உண்டு. பொருள் தேடி வறண்ட பாலைவழியே செல்லத் துணிந்த தலைவன், தலைவியின் துயரை நினைந்து தன் பயணத்தை நிறுத்திக்கொள்வதை அது குறிக்கும். இன்றைய பழக்கத்தில் அத்தொடரைப் படிக்கும் மாணவன், தலைவன் காசைச் செலவிடத் தயங்கினான் என்று பொருள் கொள்வானாயின், அவனும் மேலே கண்ட பரீட்சை மாணவனுக்குத் தோழனாவான்.

பயணத்தைக் குறித்த சொல் பணத்தைக் குறிக்க வந்தது எவ்வாறு? மனிதன் செல்லும்போது பொருளும் உடன் செல்கிறது. வழிப்போக்குக்கு வேண்டியதை ‘வழிச்செலவு’ என்றனர். காலப்போக்கிற் காலின் செல்கை மறைந்து காசின் செல்கை மட்டும் நின்றது. வரவு என்பதும் உடன் மாறியது. ஒருவரது வருகையாயிருந்தது, வருமானம் ஆயிற்று. நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படும் ‘வரவு செலவுத் திட்டம்’ என்ற பெயரைச் சொற்பொருள் பார்த்து விரித்தால், வருதலும் போதலும் பற்றிய திட்டம் என்றே ஆகும். அரசிறையைக் குறிக்கும் ‘ரெவெனியூ’ என்னும் ஆங்கிலச் சொல்லும் திரும்பி வருதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே பிறந்தது. நாணயமும் நடக்கவே வேண்டும். நடவாதது ‘செல்லாக் காசு’. அனுமதிச்சீட்டு இன்ன நாள்வரை ‘செல்லுபடியாகும்’ என்று அச்சிடுவோர், அச்சீட்டுக்கும் கால்கள் கொடுத்துவிடுகின்றனர்.

உணவுப் பொருளிலும் செலவு ஆங்கிலச் சொல்லுக்குப் பின்தங்கவில்லை. தமிழகத்தின் கொங்கு நாட்டிற் கறிக்கு வேண்டிய மிளகு, சீரகம், மல்லி முதலியவற்றைச் ‘செலவுச் சாமான்’ என்பர். அங்கே ‘செலவு ரசம்’ புகழ்பெற்ற உணவு. இலங்கையின் தமிழ் இந்துக்கள் ஒருவர் இறந்த எட்டாம் நாளில், அவர் விரும்பி உண்ட பண்டங்களைச் சமைத்துப் படைக்கும் சடங்கை ‘எட்டுச் செலவு’ என வழங்குவர். மீளாப் பயணம் சென்றவருக்கு இடும் உணவுக்கு அப்பெயர் அமைந்திருப்பது கருதத்தக்கது. விடைபெறும் பொருளிலும் இச்சொல் வழங்கியதுண்டு. ‘செலவு பெற்றுக்கொண்டான்’ என்று பழைய உரைநடையில் வந்தால், விடைபெற்றுச் சென்றான் என்பதே பொருள். பயணம், பணம், உணவு, பிரியாவிடை என ஆங்கிலச் சொல் நடந்த வழியெல்லாம் தமிழ்ச் சொல்லும் நடந்திருக்கிறது. ஒன்றை மற்றொன்று பார்த்து நடக்கவில்லை. இரண்டையும் நடத்தியது மனித வாழ்க்கையே.

கல்முனையின் முஸ்லிம் இல்லங்களுக்கு அறிமுகமான அரபு மொழியும் இதற்குச் சான்று பகரும். அங்கே ‘ஸஃபர்’ என்பது பயணம். அதே வேரிலிருந்து பிறந்த ‘ஸுஃப்ரா’ முதலிற் பயணிக்கென ஆக்கிய உணவைக் குறித்தது. பின்பு அவ்வுணவைப் பரப்பி உண்ணும் தோல்விரிப்பைக் குறித்தது. இன்று அரபு நாடுகளில் உணவு மேசைக்கும் பெயராயிற்று. உண்ணும்போது விரிக்கும் துணியைச் ‘சுப்ரா’ எனக் கூறும் வழக்கம் தமிழ்பேசும் முஸ்லிம்களிடையும் உண்டு. வீட்டுக் கூடத்தில் அமர்ந்து உண்போரும், அச்சொல்லினால், பாலைவழியில் ஒட்டகத்தை நிறுத்தி உண்ட பயணிகளின் வழிவந்தோர் ஆகின்றனர். ஹஜ்ஜுக் கடமை வழிச்செல்ல வசதியுடையார்க்கே விதிக்கப்பட்டது. அவ்வசதி யாதென விளக்கிய சட்ட அறிஞர்கள் இரண்டைச் சேர்த்துக் கூறினர். ஒன்று ‘ஸாத்’, அதாவது வழியுணவு. மற்றொன்று ‘ராஹிலா’, அதாவது ஏறிச்செல்லும் ஊர்தி. உணவும் ஊர்தியும் ஒருங்கே அமைந்தாலன்றிப் பயணம் அமையாது என்பது அவர் கருத்து. ஆங்கிலர் ஒரு சொல்லில் அடக்கியதை அவர்கள் இரு சொற்களில் விரித்தனர்.

இனி, இச்சொற்கள் கல்முனைப் பகுதியின் வழிகளில் எவ்வாறு வாழ்ந்தன என்பதைக் காணலாம். கிழக்கே வங்கக்கடல், மேற்கே மட்டக்களப்பு வாவியின் தென்கோடியும் அதனை அடுத்த வயல்வெளிகளும். மருதமுனை தொடங்கி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் கடற்கரை நெடுகிலும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் பலரைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது வரலாறு. அங்கே முன்னரே வாழ்ந்தோரும் புதிதாக வந்தோரும் உழவும் வணிகமும் நெசவும் மீன்பிடித்தலும் செய்து வாழ்ந்தனர்.

நல்ல தெருக்கள் அமைவதற்கு முன் கரைநாட்டையும் மலைநாட்டையும் இணைத்தது ‘தவளம்’. பொதிமாடுகளை வரிசையாக ஓட்டிச் செல்லும் வணிகக் கூட்டத்துக்கு அப்பெயர். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே செல்லும். மலைநாட்டிலிருந்து பாக்கு முதலிய விளைபொருள்கள் கீழே வரும். இவ்வணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். மாட்டின் முதுகிலேற்றிய சுமையும் பொதி. ஓட்டிச்செல்வோன் உண்ணக் கட்டிய சோறும் பொதி. ஊர்தியின் சுமைக்கும் வழியுணவுக்கும் ஒரே சொல் அமைந்தமை, அவ்விரண்டும் ஒன்றாகவே வழிநடந்தன என்பதற்கு அடையாளம். இன்றும் கல்முனைக் கடைகளில் நண்பகலிற் சோற்றுப்பொதி கேட்டு வாங்குவோர், பொதிமாடுகளைக் கண்டிராவிடினும், அக்காலச் சொல்லையே ஆள்கின்றனர்.

வாவி மக்களை இணைத்ததோடு பிரிக்கவும் செய்தது. ஞாயிறு எழும் பக்கத்தை எழுவான்கரை என்றும், மறையும் பக்கத்தைப் படுவான்கரை என்றும் அப்பகுதியார் பெயரிட்டனர். குடியிருப்பு ஒரு கரையில், வயல் மறு கரையில் என வாழ்ந்தோர் பலர். அவர்களுக்குத் தோணியன்றி வேறு வழியில்லை. தோணிக்குக் கொடுத்தது தோணிக்கூலி. மாட்டுவண்டிக்குக் கொடுத்தது வண்டிக்கூலி. மூட்டை ஏற்றி இறக்கியவருக்குக் கொடுத்தது ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி. துறையில் நின்றவனிடம் அக்கூலி இல்லையாயின், அக்கரை கண்ணுக்குத் தெரிந்தும் எட்டாத நாடாகிவிடும்.

கல்முனை 1961இல் அம்பாறை மாவட்டம் அமையும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. காணி உறுதிக்கும் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் மட்டக்களப்புப் பட்டினத்தை நாடிச் சென்றோர் அதன் வாயிலில் வாவியைக் கடக்கவேண்டியிருந்தது. 1924இற் கல்லடியிற் பாலம் திறக்கப்பட்டது. அன்றைய ஆளுநரின் மனைவியார் பெயரால் அது ‘லேடி மன்னிங் பாலம்’ எனப்பட்டது. 1928இல் மட்டக்களப்புவரை புகையிரதம் வந்தது. அதற்குத் தெற்கே அது நீளவில்லை. மண்முனையில் ஓடத்துக்குப் பதிலாகப் பாலம் அமைந்தது 2014இலேதான். கல்முனைக்கு மேற்கே கிட்டங்கித் தாம்போதி நாவிதன்வெளிப் பக்கத்துக்கு வழிவிடுகிறது. மாரி வெள்ளம் அதனை மூடும் நாள்களில் மக்கள் மீண்டும் நீரைக் கடக்கும் பழைய இடர்ப்பாட்டுக்கு ஆளாகின்றனர். பாலம் என்பது ஒருவகையில் தோணிக்கூலியை ஊரார் அனைவரும் கூடி ஒரே முறையிற் கொடுத்துத் தீர்ப்பதேயாகும். அது அமைந்த பின்னர், கையிற் காசில்லாதவனும் அக்கரை செல்லலாம்.

இவ்வாறு தோணியோடும் வண்டியோடும் இயல்பாகச் சேர்ந்திருந்த கூலி என்னும் சொல் பிற்காலத்தில் அடைந்த கதி துயரமானது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உடல் வருந்திய முயற்சியின் பயனைக் கூலி என்றே போற்றினார். உழைப்புக்கு உரிய மதிப்பு என்பதே அச்சொல்லின் உள்ளீடு. ஆனால் ஐரோப்பியர் ஆண்ட காலத்தில் அது வேற்று நாவிற் புகுந்து, கொடுக்கும் பணத்தைக் குறியாது வாங்கும் மனிதனைக் குறிக்கும் பெயராகிவிட்டது. அம்மேனாட்டுச் சொல் தமிழிலிருந்தே சென்றதா, குசராத்துப் பக்கத்துக் கோளி இனத்தாரின் பெயரிலிருந்து வந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் இலங்கையில் அது தமிழ்ச் சொல்லோடு ஒன்றாகிவிட்டது. இலண்டன் வண்டிக்காரன் பயணியைப் பணத்தின் பெயரால் அழைத்தபோது அதில் இழிவு இல்லை. தோட்டத் துரைமார் தொழிலாளியைக் கூலியின் பெயரால் அழைத்தபோதோ, மனிதனை அவன் விலையாகக் குறைத்துவிட்டனர்.

அத்தொழிலாளியின் வரலாற்றிலே பயணச் செலவே விலங்காயிற்று. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரமாயிரமாக மக்கள் வந்தனர். தலைமன்னாரில் இறங்கி, காடும் கரம்பையுமான வடபாதை வழியே மாத்தளையை நோக்கி நடந்தோர் பலர் கொள்ளைநோயாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். கடல் கடக்கக் கொடுத்த பணமும் வழியில் இட்ட உணவும் கங்காணி தந்த முற்பணமாகக் கணக்கில் ஏறின. ஆங்கிலச் சொல்லின் இரு பொருள்களும், பயணப் பணமும் வழிச்சோறும், ஒரே கடன்சீட்டில் வந்து கூடின. நலமாகச் செல்லுதல் என்ற மூன்றாம் பொருள் மட்டும் அச்சீட்டில் இடம்பெறவில்லை.

அக்கடன் தீரும்வரை தொழிலாளி தோட்டத்தைவிட்டு நீங்குதல் அரிது. வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் தலைமீதுள்ள கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி அவனை ஏற்றுக்கொள்ளும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு அவர்களை அனுப்பும் முறையும் வந்தது. அச்சீட்டைக் கண்டு அவர்களைப் புகையிரதத்தில் ஏற்றினர்; கட்டணம் தோட்டத்தின் பெயரில் எழுதப்பட்டது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளரை அழைத்துவரும் செலவுக்கென முதலாளிமார் பணம் செலுத்தும் பொது நிதியொன்று அமைந்தது. அதன் பின்னரே கடல்கடந்த செலவு தொழிலாளியின் தோளிலிருந்து இறங்கியது. பயணத்துக்கு யார் பணம் கொடுப்பது என்னும் வினா கணக்கேட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒருவன் உரிமையோடு வாழ்வதும் அடிமைப்பட்டு வாழ்வதும் அதைப் பொறுத்தனவாக இருந்தன.

கூலி என்னும் சொல் இவ்வாறு மாசுபட்டபின், பயணப் பணத்துக்கு அதனை வழங்கத் தமிழர் மெல்ல மெல்லத் தயங்கலாயினர். அரசாங்க அறிவித்தல்களிற் ‘கட்டணம்’ என்னும் சொல் இடம்பிடித்தது. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் இலங்கைப் போக்குவரத்துச் சபை தொடங்கப்பட்டு, தனியார் பஸ் சேவைகள் அரசுடைமையாயின. வண்டிக்காரனோடு பேரம்பேசும் பழக்கம் மறைந்து, அச்சிட்ட சீட்டும் வகுத்த கட்டணமும் எங்கும் நிலைபெற்றன. பிற்காலத்திற் தனியாரும் மீண்டும் அனுமதிக்கப்பட்டனர். ஆயினும் கட்டணத்தை அரசு வரையறுக்கும் முறை தொடர்கிறது. கல்முனைச் சிறுவரோ கட்டணம் என்று சொல்வதில்லை; ‘பஸ் காசு’ என்பர். பேச்சுமொழி அகராதியைக் கேட்டு நடப்பதில்லை அன்றோ!

கட்டணம் என்னும் சொல் தூய்மையானது, ஆனால் வறண்டது. பரீட்சைக்குச் செலுத்துவதும் கட்டணம், மின்சாரத்துக்குச் செலுத்துவதும் கட்டணம், வண்டிக்குச் செலுத்துவதும் கட்டணம். கட்டுதல் மட்டுமே அதிலுண்டு, செல்லுதல் இல்லை. ஆதலின் ஆங்கிலத்தின் ஃபீ என்பதையும் ஃபேர் என்பதையும் தமிழ் மாணவன் வேறுபடுத்த இடர்ப்படுகிறான். அவ்வேறுபாடு அற்பமானதன்று. 1945இல் அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது ஃபீ ஒழிந்தது, ஃபேர் ஒழியவில்லை. பாடசாலையின் வாயில் யாவர்க்கும் திறந்தது. வாயில்வரை வருவதற்குரிய வழிச்செலவு குடும்பத்தின் பொறுப்பாகவே நின்றது. மாணவர்க்குக் குறைந்த விலையில் வழங்கப்படும் பருவகாலச் சீட்டு, அக்குறையைப் போக்க எழுந்த ஏற்பாடுகளுள் ஒன்று. தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு அச்சீட்டும் ஒரு பாலமே.

கல்முனைக்கு அணித்தேயுள்ள காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், தமிழில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் முன்னின்று உழைத்தார். பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் காண்போர் அதன் மேற்பொருளை மட்டும் பார்த்தல் போதாது, வேரையும் நாடவேண்டும் என்பது அப்பணியை நோக்குவார்க்கு விளங்கும். ‘வெல்ஃபேர்’ என்பதற்குச் சேமநலம், நலன்புரி என இலங்கையில் தமிழ்ச் சொற்கள் வழங்குகின்றன. அவை நலத்தைச் சொல்கின்றன, செல்கையைச் சொல்லவில்லை. ஆங்கிலச் சொல்லோ ஒருவன் தன் வழியில் நன்றாகச் செல்லுதலே நலம் என்கிறது. இருந்த இடத்தில் ஒருவனுக்கு ஈவது மட்டுமன்றி, அவன் போகவேண்டிய இடத்துக்குப் பசியின்றியும் கடனின்றியும் போய்ச்சேர வழிசெய்வதும் அதனுள் அடங்கும்.

ஆங்கிலேயர் பிரியும்போது ‘நன்றாகச் செல்க’ என்றனர். தமிழர் ‘போய் வருகிறேன்’ என்று, செலவோடு வரவையும் சேர்த்தே கூறுவர். கல்முனைப் பஸ் நிலையத்தில் மகனை வழியனுப்பும் தாய் இவ்வேர்ச்சொற்கள் எவற்றையும் அறியாள். ஆயினும் அவன் சட்டைப்பையில் பஸ் காசை வைத்து, கையிற் சோற்றுப்பொதியைக் கொடுத்து, கவனமாகப் போய்ச் சேரும்படி கூறும்போது, அச்சொல்லின் பொருள்களில் ஒன்றையும் அவள் விட்டுவிடவில்லை. வண்டி புறப்படுகிறது. அவன் நலமாய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அவளுக்கு அப்பயணம் முடிவதில்லை.